பத்தியக்காரி போட்ட கிழங்கு

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். என் ஓரகத்தியைப் புகழ்வதற்காக நான் வாயைத் திறக்கவில்லை. அவளைப் புகழ அவளே போதும். அந்த வேலையை இன்னொருவருக்கு அவள் விட்டுக்கொடுத்ததும் கிடையாது. ஆனால் பள்ளக்காட்டில் நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். ஏதோ மருந்து அடித்தாள் என்கிறார் ஒருவர். குருட்டு அதிர்ஷ்டம் என்கிறார் இன்னொருவர். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூடவே நின்று பார்த்தவள் நான். நானே சொல்கிறேன், கேளுங்கள்.

கழிமுகத்தை ஒட்டிய தெருவில் கடைசி வீட்டுக்கு முந்தைய வீடு எங்களுடையது. அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்களைக் கட்டிக்கொண்டு வந்த நாங்கள் இரண்டு பேர், ஒரே அடுப்பு. மூத்தவரின் மனைவியை நான் அக்கா என்பேன். தெருவுக்கு அவள் பத்தியக்காரி. பல வருஷங்களுக்கு முன்பு ரத்த அழுத்தம் எகிறி மயங்கி விழுந்தவளிடம் டாக்டர், உப்பைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். டாக்டர் சொல்வதில் பாதியைக் கேட்பதுதான் உலக வழக்கம். இவள் முழுவதையும் கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் அடுப்பில் இரண்டு பானை. பெரிய பானை எங்களுக்கு, உப்பில்லாத சின்னப் பானை அவளுக்கு. தெருக்கிணற்றுத் தண்ணீரிலேயே உப்பு இருக்கும் என்று டாக்டர் சொன்னதால் குடிக்கிற தண்ணீரும் தனி. கூரையிலிருந்து இறங்கும் மழையைத் தொட்டியில் பிடித்து, துணியில் வடிகட்டி, அதைத்தான் குடிப்பாள். இரண்டு சமையலும் யார் தலையில் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தெருவில் கேலிக்குப் பஞ்சமா? குறும்புக்காரர்கள் பத்தியக்காரியைப் பைத்தியக்காரி ஆக்கிக் கூப்பிட்டார்கள். அவளாவது, வாயை மூடுவதாவது! தெருவில் யாராவது யாரையாவது, "நீ சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா?" என்று திட்டினால் போதும், சம்பந்தமே இல்லாமல் இவள் ஜன்னலில் தலையை நீட்டி, "நான் போடாமத்தான் திங்கிறேன், எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்று கேட்பாள். சண்டை போட்டவர்களே சிரித்துக்கொண்டு கலைந்துபோவார்கள்.

எங்களுக்கு இரண்டு துண்டு நிலம். வீட்டை ஒட்டி மேட்டுக்காடு, அதற்குக் கீழே பள்ளக்காடு. பள்ளக்காட்டில் ஒவ்வொரு குளிர்காலமும் உருளைக்கிழங்கு போடுவோம். அதில்தான் இரண்டு குடும்பமும் ஓடியது. ஒரு வருஷம் வந்த புயலில் கடல் கரையைத் தாண்டி உள்ளே புகுந்து நாள்கணக்கில் நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்தது, உப்பு வடியவில்லை. வெயில் ஏற ஏற நிலம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்தது. அந்தக் குளிர்காலம் போட்ட கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அடுத்த வருஷம் செடி வந்தது, இலை ஓரமெல்லாம் கருகி, தோண்டினால் கோலிக்குண்டு அளவுக்குக் கிழங்கு. அதை ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அப்போதுதான் இறால்காரர் ஜீப்பில் வந்தார். உப்பு நிலம் கிழங்குக்குத்தான் விஷம், இறாலுக்கு விருந்து. பள்ளக்காட்டை வெட்டிக் குட்டையாக்கலாம் என்றார். என் வீட்டுக்காரருக்கு அது பிடித்துப்போயிற்று. அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். இரண்டு பருவம் முதுகு ஒடிய உழைத்துக் கோலிக்குண்டு பொறுக்கினால் யாருக்குத்தான் களைப்பு வராது? இறால்காரரோடு போய் நிலத்தின் நாலு மூலையிலும் சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகளை அவரே அடித்துவிட்டு வந்தார்.

அக்கா அந்தக் குச்சிகளைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, குட்டை வெட்டினா உப்புத்தண்ணி வருஷம் முழுக்க அங்கேயே நிக்கும். ஊறி ஊறி மேட்டுக்காட்டுக்கு வரும். அப்புறம் வீட்டுச் சுவருக்கு வரும். பக்கத்து வீட்டைப் பாத்தீங்கல்ல?"

பக்கத்து வீடு என்றால் தெருவின் கடைசி வீடு. அவர்களுடைய நிலம் எங்கள் வரப்புக்கு அந்தப்பக்கம். புயலுக்குப் பிறகு ஒரு வருஷம் முட்டி மோதிப் பார்த்தார்கள். பிறகு கதவைப் பூட்டிவிட்டு, பிள்ளை குட்டிகளோடு நகரத்தில் யாரோ சொந்தக்காரர் வீட்டு மாடிக்குக் குடிபோய்விட்டார்கள். நிலத்தில் முள் முளைத்துக் கிடந்தது.

"வேற என்னதான் அண்ணி செய்யச் சொல்றீங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பள்ளக்காட்டு வரப்புல இருக்கிற ஒவ்வொரு கூடை மண்ணும் என் தலையில ஏறி வந்தது தம்பி. நான் இந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன். ஒரே ஒரு பருவம் குடுங்க."

சொல்லிவிட்டு அழுதாள். இந்த வீட்டில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.  பெரியவர், அதாவது அவளுடைய கணவர், வாயிலிருந்து நாளுக்கு நாலு வார்த்தை வந்தாலே அதிசயம். அவர் தம்பியைப் பார்த்து, "குடுடா" என்றார். அவ்வளவுதான்.

"சரி. ஒரு பருவம். தோண்டுற அன்னிக்குக் கிழங்கு இல்லைன்னா மறுநாள் பொக்லைன் இறங்கும். அப்ப நீங்க குறுக்க நிக்கக் கூடாது அண்ணி."

"நிக்க மாட்டேன்."

"அந்தக் குச்சியைப் பிடுங்கிடலாமாக்கா?" என்று நான் கேட்டேன். "இருக்கட்டும்டி. அதைப் பாத்தாத்தான் எனக்கு வேலை ஓடும்" என்றாள்.

மறுநாளே பஸ் ஏறி விதை நிலையத்துக்குப் போய்விட்டாள். உப்பைத் தாங்குகிற உருளைக்கிழங்கு ரகங்களை அங்கே வளர்த்துப் பார்க்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டிருக்கிறாள். விதை கொடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துகொண்டாளாம். பரிசோதனைக்கு நிலம் தேடிக்கொண்டிருந்த அங்குள்ள மேடத்துக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இரண்டு பேரும் ஒரே ஜீப்பில் திரும்பி வந்தார்கள், வழியெல்லாம் அக்காதான் பேசிக்கொண்டு வந்தாள் என்று டிரைவர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

மேடம் சின்ன வயசுதான், ஆனால் சேற்றில் இறங்கத் தயங்காதவள். உப்பை அளக்கும் ஒரு கருவியை மண்ணில் குத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, இந்த ரகம் உப்பைத் தாங்கும். உப்பைக் குடிச்சு வாழாது. அதை மறந்துடாதீங்க."

பிறகு அவள் சொன்னதெல்லாம் எங்கள் பழக்கத்துக்கு நேர் எதிராக இருந்தது. விதைக்கிழங்கை நாங்கள் துண்டு போட்டு நடுவோம். வெட்டின இடத்தில் உப்பு ஏறி அழுகும், சின்னக் கிழங்காக எடுத்து முழுசாக நடுங்கள் என்றாள். மண்ணை நீளக் கரைபோலப் பாராக அணைத்து அதன் உச்சியில் நடுவது எங்கள் வழக்கம். வெயில் இழுக்க இழுக்க உப்பு பாரின் உச்சிக்குத்தான் ஏறிப்போய் உட்காரும், அதனால் உச்சியில் வேண்டாம், பாரின் தோளில், அதாவது பக்கச் சரிவில், நடுங்கள் என்றாள். மேலே வைக்கோல் பரப்புங்கள், தண்ணீரை மட்டும் நல்ல தண்ணீராகப் பார்த்து விடுங்கள் என்றும் சொன்னாள். அக்கா ஒவ்வொன்றையும் அப்படியே செய்தாள். உப்பை விட்டபோது டாக்டருக்குக் கட்டுப்பட்ட அதே பிடிவாதம். வைக்கோல் மட்டும் அப்போது போதிய அளவுக்குக் கிடைக்கவில்லை.

முளை வந்தது. பச்சைப்பசேலென்று வரிசை பிடித்து வந்தது. தெருவே வந்து வரப்பில் நின்று பார்த்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. செடிகளுக்கு நடுவே நின்று, தான் பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல எல்லோருக்கும் காட்டினாள். எனக்கே பொறுக்கவில்லை. "அக்கா, கண்ணு படப்போகுது, வீட்டுக்கு வாங்க" என்று இழுத்து வந்தேன்.

கண் பட்டதோ என்னவோ, அடுத்த தண்ணீர் விட்ட சில நாட்களில் இலை ஓரங்கள் பழுப்பாகின. மறு தண்ணீருக்குப் பின் கருகின. போன வருஷம் பார்த்த அதே கருகல். என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாலையோரத்தில் இறால்காரரின் ஜீப் அடிக்கடி நிற்க ஆரம்பித்தது. அக்கா சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

மேடத்துக்குப் போன் போட்டோம். "என்ன தண்ணி விட்டீங்க?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"வாய்க்கால் தண்ணிதான் மேடம். நல்ல தண்ணி. மடைக்காரர் ருசி பாத்துதானே திறந்தாரு" என்றாள் அக்கா.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் வாய்க்காலின் வால் கழிமுகத்தில் சேர்கிறது. கடல் ஏறும்போது உப்புத்தண்ணீர் வாய்க்காலுக்குள் வரும், இறங்கும்போது மேலேயிருந்து ஆற்றுத்தண்ணீர் வந்து அதைத் தள்ளிக்கொண்டு போகும். எப்போது மடையைத் திறப்பது என்று சொல்வது மடைக்காரர் வேலை. உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி, வாயில் வைத்துச் சுழற்றித் துப்பிவிட்டு, "நல்ல தண்ணி!" என்று குரல் கொடுப்பார். எல்லோரும் திறப்பார்கள். அந்த நாக்கைச் சந்தேகப்பட்டவர் யாரும் இல்லை.

 போனை வைத்த அக்கா நேரே மடைக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மடைக்காரர் அப்போதுதான் குரல் கொடுத்திருந்தார், பத்துப் பன்னிரண்டு பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். அக்கா குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். அடுத்த நொடி துப்பினாள்.

"அட, இதுவா நல்ல தண்ணி? கரிக்குதே!"

"ஏம்மா, காலையிலேயே ஆரம்பிச்சுட்டியா?" என்றார் மடைக்காரர். "உப்பே திங்காத உனக்கு உப்பைப் பத்தி என்ன தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். பத்தியக்காரிக்கு மழைத்தண்ணியே கரிக்கும் என்றார் ஒருவர். எனக்கு வந்ததே கோபம்! அவளை நான் திட்டலாம், அது எங்கள் அடுப்படி விவகாரம். ஊர்க்காரர்கள் கூடி நின்று சிரிக்க நான் விடுவேனா? "எல்லாரும் இங்கேயே நில்லுங்க, ஒருத்தரும் நகரக் கூடாது" என்று கத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஒரே மாதிரி இரண்டு செம்பு எடுத்தேன். ஒன்றில் தெருக்கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் அக்காவின் மழைத்தண்ணீர். எது என்ன என்று யாரிடமும் சொல்லவில்லை.

"குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க, எது நல்ல தண்ணி?"

ஒவ்வொருவராகக் குடித்தார்கள். மழைத்தண்ணீரைக் குடித்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "சப்புன்னு இருக்கு" என்றார் ஒருவர். "ஏதோ மருந்துத் தண்ணி மாதிரி" என்றார் இன்னொருவர். கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததும் ஒருமித்த குரலில், "இதுதான் நல்ல தண்ணி, தித்திப்பா இருக்கு" என்றார்கள். மடைக்காரரும் அதையேதான் சொன்னார்.

"அது கிணத்துத்தண்ணி" என்றேன். "உப்பு இருக்கு, குடிக்காதேன்னு டாக்டர் சொன்ன தண்ணி. இவ அதைத் தொட்டே வருஷக்கணக்காச்சு. நாம தினம் அதைத்தான் குடிக்கிறோம்."

 முதலில் புரிந்துகொண்டவர் மடைக்காரர்தான், அதைச் சொல்லியாக வேண்டும். மடைச் சுவரில் உட்கார்ந்து இரண்டு செம்பிலும் மாறி மாறி ஒரு வாய் குடித்தார். "கிணறு கொஞ்சம் கொஞ்சமா மாறியிருக்கு. நம்ம நாக்கும் அது பின்னாலேயே போயிருக்கு" என்றார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "நீ ருசி பாத்துச் சொல்லும்மா. நான் திறக்கிறேன்."

எவ்வளவு பெரிய மனசு வேண்டும் அதற்கு! அக்கா மட்டும், இதை எதிர்பார்த்தே வந்தவள்போல, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்தாள். கடல் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாய் வைத்தாள். "இல்ல." நாங்கள் காத்திருந்தோம். இன்னொரு வாய். "ம்ஹூம்." வெயில் ஏறியது. ஆட்கள் முணுமுணுத்தார்கள். இந்த நேரத்துக்கு மூணு வயல் பாய்ச்சியிருக்கலாம் என்று ஒருவர் முனகினார். "உங்களுக்கு அவசரம்னா கிணத்துத்தண்ணியைப் போய்ப் பாய்ச்சுங்க" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். கடைசியில் ஒரு வாய் வைத்தவள் துப்பவில்லை. விழுங்கிவிட்டாள்.

"திறங்க!"

அன்று பள்ளக்காட்டில் தண்ணீர் தளும்பத் தளும்பப் பாய்ந்து, மண்ணிலிருந்த உப்பைக் கழுவிக்கொண்டு வடிகாலில் இறங்கியது. பெரியவர் எங்கெங்கோ அலைந்து ஒரு வண்டி வைக்கோல் கொண்டுவந்தார். ஈரம் காய்வதற்குள் நாங்கள் நாலு பேரும் அதைப் பரப்பினோம். ஆமாம், நாலு பேரும்தான். என் வீட்டுக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

மேடம் வந்து, அக்கா ருசி பார்த்த தண்ணீரைத் தன் கருவியாலும் அளந்து பார்த்தாள். நாக்கும் கருவியும் ஒன்றையே சொன்னதும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! போகும்போது ஒரு கருவியை மடைக்காரர் கையில் கொடுத்து, பார்க்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தாள். இப்போது இரண்டையும் பார்த்துத்தான் மடை திறக்கிறார்கள். "அந்தக் கருவிக்கு பேட்டரி தீந்து போகும், எனக்குத் தீராது" என்று அக்கா சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

கருகிய இலைகள் உதிர்ந்தன. அவற்றின் கக்கத்திலிருந்து புதுத்துளிர் வந்தது. ஆனால் செடி பச்சையாக இருப்பதும் கிழங்கு வைப்பதும் ஒன்றல்ல. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? அக்கா ஒரு செடியைக்கூடக் கிளறிப் பார்க்க விடவில்லை. "பிள்ளை வயித்துல இருக்கையில திறந்தா பாப்பாங்க?" என்று அதட்டினாள். வெளியேதான் அதட்டல். இரவில் புரண்டு புரண்டு படுக்கிறாள் என்று பெரியவரே வாய் திறந்து சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோண்டுகிற நாள் வந்தது. தெரு முழுக்க வரப்பில் நின்றது. இறால்காரரும் ஜீப்பில் சாய்ந்து நின்றார். அக்கா மண்வெட்டியை என் வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

"நீங்களே தோண்டுங்க தம்பி. நான் தோண்டினா, கடையில வாங்கிப் புதைச்சு வச்சான்னு சொல்லுவாங்க."

 அவர் நேரே ஒரு முளைக்குச்சி நிற்கிற மூலைக்குப் போனார். உப்பு அதிகம் பூத்த மூலை அது. வைக்கோலை ஒதுக்கி, பாரின் உச்சியில் மண்வெட்டியைப் போட்டார். மண் மட்டும் வந்தது. மறுபடி போட்டார். மண்தான்.  இறால்காரர் ஜீப்பிலிருந்து நிமிர்ந்து நின்றார். 

"ஐயோ, தம்பி! உச்சியில எங்க நட்டோம்? தோள்ல போடுங்க, தோள்ல!"

அவர் தலையில் அடித்துக்கொண்டு, இரண்டு அடி தள்ளி நின்று, பாரின் பக்கவாட்டில் மண்வெட்டியை இறக்கிப் புரட்டினார். கொத்தாக வந்து விழுந்தது. ஒன்றா, இரண்டா! கை கொள்ளாத கிழங்கு, தோல் மினுமினுக்கும் கிழங்கு. அடுத்த செடியைப் புரட்டினார், அதிலும். அதற்கடுத்ததிலும். வரப்பில் நின்றவர்கள் ஹோவென்று கத்திக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார்கள். மடைக்காரர் ஒரு கிழங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானே பெற்றதுபோலச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். பெரியவர் சிரித்தார். அக்கா மண்ணில் உட்கார்ந்து மடி நிறையக் கிழங்கை அள்ளி வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்?

வரப்பிலேயே கல் கூட்டிப் பானையை ஏற்றினேன். ஒரே பானை. அவிந்த கிழங்கைத் தோலோடு எல்லோர் கையிலும் வைத்தேன். உப்பு எங்கே என்றார்கள். கொண்டு வரவில்லை என்றேன். மறந்து இல்லை, வேண்டுமென்றேதான். என் வீட்டுக்காரர் ஊதி ஊதி ஒரு கடி கடித்து, மெதுவாக மென்றார்.

"தித்திக்குது அண்ணி."

"இப்பதான் உங்க நாக்குக்கு உயிர் வந்திருக்கு" என்றாள் அவள்.

இறால்காரருக்கும் ஒன்று கொடுத்தாள். அவர் அதைத் தின்றுவிட்டு, இன்னும் ஒன்று கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனார்.

கூட்டம் கலையும் நேரத்தில் என் வீட்டுக்காரர் நாலு மூலைக்கும் நடந்தார். முளைக்குச்சிகளை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். அவற்றை விறகில் போடுவார் என்று நான் நினைத்தேன். அவரோ நாலையும் தோளில் போட்டுக்கொண்டு வரப்பைத் தாண்டி, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரர்களின் முள் முளைத்த நிலத்துக்குள் இறங்கினார். ஒரு மூலையில் முதல் குச்சியை வைத்துக் கல்லால் அடித்தார்.

அக்காவுக்கு மூச்சே நின்றிருக்கும். "தம்பி! அங்க எதுக்குக் குச்சி?"

"அவங்களுக்கு இப்பதான் போன் போட்டேன் அண்ணி. வீட்டைத் திறந்து வெள்ளையடிக்கச் சொல்லிட்டாங்க. பள்ளிக்கூட லீவு விட்டதும் பிள்ளைங்களோட வந்துடறாங்க. நம்ம விதைக்கிழங்கைத்தான் போடப்போறாங்க. அதுக்குத்தான் இடம் குறிக்கிறேன்."

வாய் ஓயாத பத்தியக்காரி பேச்சற்று நின்றதை அன்று ஊரே பார்த்தது. அவர் இரண்டாவது குச்சியை அடித்தார், மூன்றாவதை அடித்தார். அவள் மடியிலிருந்த கிழங்கில் நல்லதாக, சின்னதாக, முழுசாக இருப்பவற்றைப் பொறுக்கித் தனியாக வைக்கத் தொடங்கியிருந்தாள். நான்காவது குச்சி இறங்கும்போதுதான் குரல் வந்தது, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல்:

"தோள்ல நடச் சொல்லுங்க தம்பி! உச்சியில நட்டுத் தொலைச்சிடப் போறாங்க!"